கீழே போனால் திறந்துகொள்ளும்

ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடியபோதுதான் அந்தப் பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. குடியிருப்பின் பின்பக்கத் தாழ்வாரத்தில், மிளகுச் சாக்குக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் பல வருடங்களாக அது கிடந்தது. அதன் மேல் குடையை விரித்துக் காய வைப்போம். யாராவது மரவள்ளிக் கிழங்கு கொடுத்தால் அதன் மேல்தான் கொட்டி வைப்போம். பள்ளத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுவந்த ஸ்கூட்டரை வீட்டுக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பின்னால் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். அதற்காகப் பெட்டியை இழுத்தபோது அடிப்பலகை பொலபொலவென்று உதிர்ந்தது. கறையான்.

"தூக்கி வெளிய போட்றலாமா?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

அது அவருடைய அப்பாவின் பெட்டி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர் அவர். அவர் போன பிறகு கீழே இருந்த வீட்டை விற்றோம். கட்டிலும் பீரோவும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போயின. யாரும் கேட்காத இந்தப் பெட்டி எங்களோடு மலையேறியது. வந்த முதல் பனிக்காலத்திலேயே மூடி இறுகிக்கொண்டது. என் கணவர் பொறுமையில்லாமல் கடப்பாரையை விட்டு நெம்பினார். மூலை பிளந்து மூடி திறந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். கை வேலை என்றாலே அவருக்கு எரிச்சல் வந்துவிடும்.

உள்ளே கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த மகள் சத்தம் போட்டாள்.

"அதப் போட்றாதீங்க. எனக்கு வேணும்."

நான் இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஊரில் மருந்தம்மா என்பார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள், சாரலும் மேகமுமாக இருந்த மதியம், மாத்திரை வரிசை நீளமாக நின்றது. மகள் காலையிலேயே ஸ்கூட்டரில் நாமக்கல் போயிருந்தாள். டிப்ளமோ முடித்தவள். லாரி பாடி கட்டும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலைக்கு நேர்காணல். வேலை கிடைத்துவிட்டது என்று சேந்தமங்கலத்திலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு மலையேறத் தொடங்கினாள். நான் அதைப் படித்துவிட்டு மேசை மேல் போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அது அடித்தது. தெரியாத எண்.

"மருந்தம்மாங்களா? உங்க பொண்ணு வண்டி மட்டும் கீழ கெடக்குதுங்க."

அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது.

மட்டும் என்று அந்த மனிதர் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான். வண்டி மட்டும்தான் பள்ளத்தில் கிடக்கிறது, பொண்ணு மேலே இருக்கிறாள் என்ற அர்த்தத்தில். எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது, ஆனால் அர்த்தமாகவில்லை. வண்டி மட்டும் கீழே என்றால் பொண்ணு எங்கே? எனக்கு முன்னால் ரத்த அழுத்த மாத்திரைக்கு நின்ற ஒரு பாட்டிக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். பிறகு உட்கார நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தேன்.

மகளைப் பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கண்டக்டரின் துண்டால் கட்டியிருந்தது. எதிரே மரவள்ளி லாரி வந்திருக்கிறது. இவள் ஓரம் ஒதுங்கியிருக்கிறாள். சரளைக்கல்லில் டயர் வழுக்கி, தடுப்புச் சுவர் உடைந்திருந்த இடத்தின் வழியாக வண்டி போய்விட்டது. இவள் சுவரில் மோதி இந்தப் பக்கம் விழுந்திருக்கிறாள். கால் எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். கால் சேர்ந்துவிட்டது. நான் இன்னும் சேரவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. யார் எனக்குப் போன் செய்தாலும் முதலில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். என் கணவர் கடையிலிருந்து உப்பு வாங்கவா என்று கேட்டால்கூட முதலில் அதைச் சொல்வார். மகள் கேலி செய்வாள். ஆனால் சொல்வாள்.

நிறுவனத்துக்காரர்கள் நல்லவர்கள். கால் சரியானதும் தை பிறந்து வந்து சேரட்டும் என்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்றுதான் நான் பெட்டியைப் பற்றி மறுபடி வாயைத் திறந்தேன்.

"உங்க தாத்தா பொட்டிய நான் சரி பண்ணித் தாரேன் கண்ணு. அது முடிஞ்சதும் எடுத்துட்டுப் போ."

"நீயா?"

"நான்தான்."

மாவுக்கட்டோடு படுத்திருந்தவளுக்கு அதில் மறுப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் அன்று அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் வாழ்நாளில் ரம்பத்தைத் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்து வரும் சாயந்திரங்களிலும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். முதலில் உள்ளே இருந்ததை எடுத்து வெளியே அடுக்கினேன். உளிகள், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தி, ஒரு பெரிய இழைப்புளியும் ஒரு சின்ன இழைப்புளியும், மூலைமட்டம், பல் மழுங்கிய ரம்பம். எல்லாம் துரு. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தேன். கீல்களைக் கழற்றினேன். ஆணியும் திருகாணியும் கலந்துவிடக் கூடாதே என்று மாத்திரைக் கவர்களில் தனித்தனியாகப் போட்டு வைத்தேன். காலை, மதியம், இரவு என்று கட்டம் அச்சிட்ட கவர்கள். வேறு கவர் என் வீட்டில் ஏது.

மகள் கோலை ஊன்றி வந்து ஒரு கவரை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த ஸ்க்ரூ சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"வெறும் வயித்துல போடாதே."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தேன்.

அடிப்பலகைக்குச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வேப்பம் பலகை வரவழைத்தேன். நான் போகவில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்கள் தவிர, நான் மலையை விட்டு இறங்கவே இல்லை. அந்த நாட்களிலும் வளைவு தொடங்கும்போது கண்ணை மூடினால் அடிவாரம் வந்துதான் திறப்பேன். பலகையை என் கணவர் பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்தார். அறுக்கத் தெரியாமல் ஒரு விரல்கடை குறைத்து அறுத்தேன். அதற்கு ஒரு துண்டு ஒட்டினேன். பிளந்த மூலைக்குப் பிசின் விட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன். கட்டைப் பார்த்த மகள், "அதுக்கும் மாவுக்கட்டா?" என்றாள். என் கட்டு அவளுடைய கட்டுக்குப் பிறகுதான் பிரிக்கப்பட்டது. பிரித்ததும் பிசின் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. மறுபடி கட்டினேன்.

பக்கத்துக் காட்டுக்காரம்மா தன் தோட்டத்து மிளகுக்கொடிக்குப் போகும்போதும் வரும்போதும் வேலி ஓரம் நின்று பார்ப்பார். நாங்கள் இங்கே மாற்றலாகி வந்த முதல் நாளிலிருந்து தெரிந்தவர். வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க மருந்தம்மா, இன்னுமா தேய்க்கறீங்க?"

"பழைய பெயிண்ட் போக மாட்டேங்குதுங்க."

"போன வாரமும் இதையேதான சொன்னீங்க. பொட்டியத் தேய்க்கறீங்களா, இல்ல புள்ள போற நாளத் தேய்க்கறீங்களா?"

நான் உப்புத்தாளை மடித்துக்கொண்டே இருந்தேன். அவர் விடவில்லை.

"பாத்துங்க. தேய்ச்சுத் தேய்ச்சுக் கடைசில கீலு மட்டுந்தான் மிஞ்சும். அத வேணா பொண்ணு கழுத்துல மாட்டி அனுப்புங்க."

மகள் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று மாலை கையால் தடவிப் பார்த்தபோது அந்தப் பக்கப் பலகையில் தேய்க்க ஒன்றும் பாக்கியில்லை என்பது எனக்கே தெரிந்தது. மறுநாள் மூடியின் உள்பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

அங்கேயும் பச்சைப் பெயிண்ட். அதைத் தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து மஞ்சள் வந்தது. மஞ்சளின் மேல் சிவப்பு எழுத்து. பட்டறையில் லாரிக்குப் பெயர் எழுதுகிற யாரோ கைப்பழக்கத்துக்கு எழுதிப் பார்த்திருக்க வேண்டும். நிழல் கொடுத்து, வளைத்து, லாரியின் பின்னால் எழுதுவது மாதிரியே எழுதியிருந்தது.

ஒலி எழுப்பவும்.

நான் உப்புத்தாளோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த மலைச் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அடிக்காதவன் மேல்தான் தப்பு. இங்கே அது சட்டத்தை விடப் பெரிது. விபத்து நடந்த பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும், ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால், அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. ஆரன் அடிச்சியா கண்ணு? அடித்தேன் என்று அவள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். லாரிக்காரர் தனக்குக் கேட்கவில்லை என்றார். வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

நான் தாளை மாற்றி, 'ஒ' மேல் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

"என்ன பண்ற?" மகள் பின்னால் நின்றிருந்தாள். அப்போது கோல் இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"இது வேண்டாம் சாமி. எடுத்துட்டு வார்னிஷ் அடிச்சர்றேன்."

"ஏன் வேண்டாம்?"

"பாக்கறப்பல்லாம் அந்த ஞாவகந்தான் வரும்."

"யாருக்கு?"

அவள் குனிந்து என் கையிலிருந்த தாளை வாங்கினாள்.

"நான் அடிச்சேம்மா. வளைவுக்கு முன்னாடியே அடிச்சேன், திரும்பறப்பவும் அடிச்சேன். ஊரே கேட்டுட்டுப் போச்சு, போகட்டும். நீயும்தான் கேட்ட. ஒரு தடவ இல்ல."

"கேட்டேன்."

"நம்புனியா?"

"நம்புறேன்."

"இப்பத்தான் நம்புற," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது. ஒரு ஈரத்துணியை எடுத்து எழுத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். 'ஒ' கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதன் மேல் வார்னிஷ் மட்டும் அடித்தேன்.

மார்கழி வந்தது. இங்கே அந்த மாதத்தில் எதுவும் காயாது. துணி காயாது, வார்னிஷ் காயாது, மனிதர்களின் இருமல் காயாது. நான் வரிசையில் நிற்பவர்களுக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து, கையில் ஒட்டுகிற வார்னிஷைத் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டினால் மனதுக்குள் ஒரு நிம்மதி. இன்றைக்கு முடியவில்லை.

ஒருவழியாகக் காய்ந்து, கீல்களை மாட்டி மூடியை இறக்கியபோது அது பாதியில் நின்றது. அந்தப் பெட்டியின் மூடி மேலே உட்காரும் மூடி அல்ல. நான்கு பக்கச் சட்டத்துக்குள் இறங்கி உட்காரும். புரட்டாசி வெயிலில் கழற்றியபோது தாராளமாக இருந்தது, இப்போது ஈரத்தில் உப்பிப்போய்ச் சட்டத்தில் முட்டியது. எனக்கு உண்மையிலேயே வருத்தமா, இன்னொரு வேலை கிடைத்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டியின் சின்ன இழைப்புளியையே எடுத்தேன். மூடியின் விளிம்பைச் சீவிவிடலாம் என்று வைத்தேன்.

"அதத் தொடாத," என்றாள் மகள்.

"இறுகுது கண்ணு. மூடுனா தெறக்காது."

"இங்கதான் இறுகுது. இது கீழ செஞ்ச பொட்டி. இங்கத்த பனிக்குச் சீவிவிட்டீனா, அங்க போயி லொடலொடன்னு ஆடும். கீழ போனா அதுவாத் தெறந்துக்கும்."

"தெறக்காட்டி?"

"தெறக்கும்."

இழைப்புளியை அதன் இடத்தில் வைத்தேன். மூடியை முழுக்க இறக்காமல் ஒரு மரச்சிம்பை அண்டை கொடுத்து நிறுத்தினேன். மாத்திரைக் கவர்களில் மீதியிருந்த திருகாணிகளையும் துடைத்த சாமான்களையும் உள்ளே அடுக்கினோம். அவள் வரைபட ஸ்கேலையும் அதிலேயே வைத்தாள்.

பொங்கல் முடிந்து அவள் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, பக்கத்துக் காட்டுக்காரம்மா ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் ஒரு பொட்டலம் மிளகுமாக வழியனுப்ப வந்தார்.

"போற எடத்துல ரசம்னு சொல்லி வெந்நீ ஊத்துவாங்க கண்ணு. இந்த மொளவக் கொண்டு போ," என்று சொல்லிக்கொண்டே நின்ற இடத்திலேயே பெட்டி மேல் உட்கார்ந்தார்.

மரச்சிம்பு தெறித்தது. படார் என்று மூடி இறங்கியது.

"அட சாமி! எம் பாரந்தானுங்களா? பழய பொட்டியின்னு நெனச்சா, என்னயவே முழுங்கப் பாக்குதே!" எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். சிரித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

நான் விரலை விட்டு இழுத்தேன். நகம் போகிற அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. என் கணவரும் இழுத்தார். மூடி அசையவில்லை. மகளின் ஸ்கேல் உள்ளே, மிளகு வெளியே.

"நாளைக்குப் போக வேண்டாம்," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "இதத் தெறந்து, சீவி, மறுபடி வார்னிஷ் அடிச்சு... ஒரு வாரம். போன் பண்ணிச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க."

காட்டுக்காரம்மா வாழைப்பழத்தைத் திண்டில் வைத்துவிட்டு, "வாரேனுங்க," என்று மெதுவாகப் போய்விட்டார். அவர் கேலி செய்யாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய உளி ஒன்றை எடுத்து வந்தேன். தேங்காய் உடைத்துக் கீறுவதற்காக எப்போதோ பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது. மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அதன் முனையை வைத்தேன். சரியாக, என் கணவர் அன்று கடப்பாரை வைத்துப் பிளந்த அதே மூலை. நான் கயிறு கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி ஒட்டிய மூலை.

மகள் உளியைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். காலை மடக்க இன்னும் சிரமம், நீட்டித்தான் உட்கார வேண்டும்.

"மூடுன பொட்டியோடயே போறேம்மா. கீழ போனாத் தெறந்துக்கும்னு சொன்னேன்ல."

"தெறக்காட்டி உன் ஸ்கேலு?"

"ஸ்கேலு கடைல கெடைக்கும்."

கொஞ்ச நேரம் உளியின் முனை அந்த மூலையிலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் ஒட்டியது விட்டிருக்கும், ஒரு வாரம் எனக்குக் கிடைத்திருக்கும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. என் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் உளியைக் கொண்டுபோய் அரிவாள்மனை பக்கத்திலேயே வைத்துவிட்டு இரவுச் சமையலுக்கு அரிசி களைந்தேன்.

காலை பஸ்ஸில் பெட்டியை டிக்கியில் ஏற்றினார்கள். என் கணவர் கூடப் போனார். எனக்கு வேலை இருந்தது. வேலை இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். முதல் வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தது கேட்டது. அடுத்தது கொஞ்சம் கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே. பனியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. பிறகு கேட்கவில்லை. நான் மருந்தறையைத் திறந்தேன்.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டார்கள். எல்லாரும் நல்லா இருக்கோம் என்றார் என் கணவர். பெட்டியை அவள் தங்கும் அறைக்குள் வைக்க இடம் இல்லை, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறது என்றார். திறந்ததா என்று நான் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் மகள் பேசும்போதும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தூக்கம் மட்டும் எனக்கு முன்பு போல வரவில்லை. பின்தாழ்வாரத்தில் பெட்டி இருந்த இடம் காலியாக, சதுரமாக, சுற்றியுள்ள தரையை விட வெளுப்பாக இருந்தது. பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் ஸ்கூட்டர்.

மாசி மாதத்தில் ஒரு மதியம், வரிசை நின்றுகொண்டிருக்கும்போது, போன் அடித்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. மேசை மேல் கவிழ்ந்து கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்தது. எடுப்பதற்குள் கையில் இருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்துவிட்டது.

"நான் நல்லா இருக்கேன்," என்றாள். "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பொட்டி தெறந்துருச்சு. நான் தொடக்கூட இல்ல. இன்னைக்கு லீவு, துணி காயப்போட மாடிக்கு வந்தேன், டப்புனு ஒரு சத்தம். பாத்தா மூடி ஒரு விரக்கடை மேல நிக்குது. இங்க வெயிலுன்னா அப்பிடி வெயிலும்மா. மூலை விடல. நீ ஒட்டுனது அப்படியே இருக்குது."

"ஸ்கேலு?"

"இருக்குது. உன் மாத்திரைக் கவரும் இருக்குது. சாப்பாட்டுக்குப் பின்னாடி போட்டுக்கறேன்." பின்னால் ஏதோ லாரியின் ஹாரன் நீளமாக அடித்தது. அவள் அது முடியும்வரை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அப்பாகிட்டச் சொல்லி ஸ்கூட்டிய சர்வீஸுக்கு விடச் சொல்றியா?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சாப்டியா?" என்று கேட்டேன். அவளுக்கு என்னைத் தெரியும். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர், கீழே விழுந்த மாத்திரை அட்டையைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏனுங்க மருந்தம்மா, கெட்ட சேதிங்களா?"

"இல்லீங்க. ஒரு பொட்டி தெறக்காம இருந்துச்சு. தெறந்துருச்சு."

"சாவி கெடைச்சுதுங்களா?"

"சாவி இல்லீங்க," என்றேன். "கீழ வெயிலாம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல சேதி என்று தெரிந்துகொண்டு தலையை ஆட்டினார். நான் அவருடைய கவரில் காலை என்ற கட்டத்தில் ஒரு கோடும் இரவு என்ற கட்டத்தில் ஒரு கோடும் போட்டேன். ஒரு கோடு மதியத்துக்குள்ளும் போய்விட்டது. அதை அடித்துவிட்டு, வேறு கவர் எடுத்து எழுதிக் கொடுத்தேன்.